எரர் காயினா, அடிபட்ட காசா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இந்த ஒரு ரூபாய் உங்கள் வீட்டு உண்டியலில் இருந்தால் நீங்கள்தான் லட்சாதிபதி’ என்கிற வீடியோக்கள் கைபேசியில் வலம்வரத் தொடங்கியதிலிருந்து, நாணயக் கண்காட்சிகளுக்குக் காகிதத்தில் காசைச் சுற்றிக்கொண்டு வருவோர் கூட்டம் பெருகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் ரயில் ஏறிய காசாக இருக்கும், அல்லது சுத்தியலால் தட்டியது, அல்லது பட்டறையில் யாரோ வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் திருகுக் கருவியில்) வைத்து நெரித்தது. கொண்டுவருபவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. அவர்களில் பலர் நல்ல பணம் கொடுத்து அதை வாங்கியிருக்கிறார்கள். நாணயம் சேகரிப்பவர்கள் ‘எரர் காயின்’ என்று சொல்வது, அதாவது நாணயச் சாலையிலேயே பிழையோடு பிறந்த காசு எது, கைமாறும்போது கெட்டுப்போனது எது என்று பிரித்தறிய ஒரு சின்னத் தராசும் ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் போதும். அதை வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

எந்தக் காசைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் கோளாறு நாணயச் சாலையில் எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும்? அதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் அது எரர் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கவே காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால், சுருக்கமாக அதைச் சொல்லிவிடுகிறோம்.

உருட்டித் தட்டையாக்கிய உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுகிறார்கள். பூரி மாவைப் பெரிதாகத் திரட்டிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டுவதுபோலத்தான். பிறகு ஒவ்வொரு வில்லையின் ஓரத்தையும் ஒரு இயந்திரத்தில் நெருக்கி உருட்டிச் சற்று மேடாக்குகிறார்கள். காசின் கரை இங்கேதான் உருவாகத் தொடங்குகிறது. அடுத்து சூடேற்றி உலோகத்தை இளக்கி, அமிலக் கரைசலில் கழுவுகிறார்கள். கடைசியாக அச்சு இயந்திரம். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் வில்லையைப் பிடித்துக்கொள்ள ‘காலர்’ என்கிற உருக்கு வளையம். ஒரே அமுக்கில் உலோகம் கூழ்போல ஓடி அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. காலரில் வரிகள் இருந்தால் விளிம்பிலும் வரி விழுகிறது. அச்சுக்குள் குழிவாக இருப்பது காசில் புடைப்பாக வரும். இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏனென்றால், அச்சுக்கு ஏற்பட்ட காயம் காசில் மேடாகத்தான் தெரியும். அச்சு விரிசல் விட்டால் அந்த இடுக்கில் உலோகம் புகுந்து காசில் மெல்லிய நரம்புபோல ஒரு கோடு எழும்பி நிற்கும். அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து விழுந்தால் காசின் கரையை ஒட்டி உருவமற்ற ஒரு திட்டு வரும். சேகரிப்பாளர்கள் இதைக் ‘கட்’ என்பார்கள். மாறாக, காசுக்கு ஏற்பட்ட காயம் பள்ளமாக இருக்கும். கீறலின் இரு கரையிலும் உலோகம் உழுதுபோட்ட மண்போல ஒதுங்கி நிற்கும். நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்தால் கோடு மேடா பள்ளமா என்பது தெரிந்துவிடும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே நூலோ, இரும்புத் துகளோ, மசகு அழுக்கோ மாட்டிக்கொண்டால் அதன் தடம் காசில் பள்ளமாக விழும், அதுவும் எரர்தான். ஆனால் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் பிசிறு இருக்காது, பள்ளத்தின் அடிப்பகுதி பளபளப்பாகக் கீறப்பட்டிருக்காது. எழுத்துகள் பள்ளத்தின் ஓரத்தில் வெட்டுப்படாமல் மெலிந்து மறையும்.

எவர்சில்வர் காசுகளில் அச்சு விரிசல் அடிக்கடி தென்படும். செம்பு நிக்கலைவிட எஃகு கடினமானது, அச்சு சீக்கிரம் களைத்துவிடுகிறது. ஆகவே ஒரு மெல்லிய விரிசல் கோட்டுக்காக யாரும் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். நகைக் கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதேதான். 0.01 கிராம் வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு. குறுக்களவைத் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர். ஒரு காந்தம். இவற்றோடு அதே வருட, அதே வகைக் காசு ஒன்று நல்ல நிலையில். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காசு இல்லாமல் எந்த எரரையும் தீர்மானிக்க முடியாது. வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது. மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்து, காசை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். கைபேசி ஃபிளாஷில் எல்லாக் காசும் எரர்போலத்தான் தெரியும்.

எடைகளைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம். விக்டோரியா காலத்துச் செப்புக் காலணா 6.47 கிராம். 1992 முதல் வந்த 25 மி.மீ. எவர்சில்வர் ஒரு ரூபாய் 4.85 கிராம். செம்பு நிக்கல் 5 ரூபாய் 9 கிராம். இன்றைய 10 ரூபாய் சுமார் 7.7 கிராம். தேய்ந்த பழைய காசு சற்றுக் குறையும், அதில் வியப்பில்லை. 1947 புலி ரூபாய் சுத்த நிக்கல், ஆகவே காந்தம் இழுக்கும். எவர்சில்வர் ரூபாயையும் இழுக்கும். செம்பு நிக்கல் காசை இழுக்காது. ‘பொன்னிற ஒரு ரூபாய், தப்பான உலோகத்தில் அச்சானது’ என்று யாராவது காட்டினால் காந்தத்தை வையுங்கள். ஒட்டிக்கொண்டு எடையும் 4.85 என்றால் அது எவர்சில்வர் காசுக்குப் பூசிய முலாம். வேறு வில்லையில் உண்மையிலேயே தவறி அச்சான காசு என்றால் எடை, பருமன், குறுக்களவு ஆகியவற்றில் ஒன்றாவது அந்த வேறு காசின் கணக்கைக் காட்டியே தீரும்.

இனி ஒவ்வொரு வகையாக. முதலில் ‘கிளிப்’, அதாவது ஓரத்தில் கடித்தெடுத்ததுபோல் வளைவாகக் குறைந்த காசு. பூரி உதாரணத்துக்கே வருவோம். ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளர் கொஞ்சம் ஏறி விழுந்தால் அடுத்த பூரியில் ஒரு பிறை குறையும். நாணயச் சாலையில் பட்டை சரியாக நகராதபோது இதுவே நடக்கிறது. அரத்தால் ராவினாலும் இதே தோற்றம் வரும். இரண்டிலும் எடை குறையும் என்பதால் தராசு இங்கே உதவாது. விக்டோரியா காலணா ஒன்றை எடுத்துக்கொள்வோம், குறுக்களவு 25.4 மி.மீ. பிறை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அதற்கு நேர் எதிர்ப்புறக் கரையைப் பாருங்கள். அங்கே கரை மங்கி, தட்டையாக, சில சமயம் இல்லாமலே இருக்கும். காரணம் எளிது: வில்லையின் ஓரத்தை உருட்டும்போது பிறைப் பக்கம் பிடிமானம் இல்லை, அதனால் எதிர்ப்பக்கம் அழுத்தமும் கிடைக்கவில்லை. இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். கிளிப் மிகச் சிறியதாக இருந்தால் இது தெரியாமலும் போகலாம். ஆகவே இது இல்லை என்பதற்காக மட்டும் காசைத் தள்ளிவிட வேண்டாம்.

அடுத்து பிறையை ஒட்டிய எழுத்துகள். அச்சு அமுக்கும்போது அந்தப் பக்கம் காலர் தாங்கவில்லை என்பதால் உலோகம் வெற்றிடத்தை நோக்கி நழுவும். எழுத்துகள் பிறையை நோக்கி இழுபட்டு, கால் நீண்டு, மங்கிப் போகும். கரையும் பிறைக்கு அருகே படிப்படியாக மெலியும். ராவிய காசில் எழுத்து கத்தியால் நறுக்கியதுபோல் முழு உயரத்தோடு நின்றுவிடும். கரை தன் முழுத் தடிப்போடு வந்து சட்டென்று முடியும். பிறையின் சுவரை லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் அரக்கோடுகள் காட்டிக்கொடுக்கும். மணல்தாள் போட்டு அவற்றை அழித்திருந்தால் சுவர் மட்டும் வழுவழுவென்று வேறு நிறத்தில் இருக்கும். நூறு வருடக் காசின் உடம்பெல்லாம் பழுப்பேறியிருக்க, அந்த ஒரு சுவர் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். இன்னொரு சோதனையும் உண்டு. அதே வகைக் காசு ஒன்றை அந்தப் பிறைக்குள் வைத்துப் பாருங்கள். வெட்டியது அதே வெட்டுக்கருவி என்பதால் வளைவு ஏறக்குறையப் பொருந்த வேண்டும். அரத்தின் வளைவு பொருந்துவது அபூர்வம். பட்டையின் முனையில் வெட்டுப்பட்ட வில்லையில் குறை நேர்கோடாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

சந்தையில் அதிகம் ஏமாற்றுவது ‘புரோக்கேஜ்’. அடித்த காசு ஒன்று வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை வருகிறது. இப்போது அதன் ஒரு பக்கத்தில் வழக்கமான அச்சு, மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் காசு. அந்தக் காசின் முகம் புதிய வில்லையில் குழிவாக, இடவலம் மாறிப் பதியும். சற்று நிதானித்து யோசித்தால் ஒரு முக்கியமான விஷயம் புலப்படும். மேலச்சில் ஒட்டிய காசு கீழ்நோக்கிக் காட்டுவது, கீழச்சு அதற்குக் கொடுத்த உருவத்தைத்தான். புதிய வில்லைக்கும் கீழச்சு அதே உருவத்தையே தருகிறது. ஆகவே உண்மையான புரோக்கேஜில் இரு பக்கமும் ஒரே உருவம் இருக்கும்: ஒரு பக்கம் புடைத்த சிங்கத் தலை, மறுபக்கம் அதே சிங்கத் தலை குழிவாக, கண்ணாடியில் பார்த்ததுபோல. அந்தப் பக்கத்தில் வர வேண்டிய ‘1’, கதிர், வருடம் எதுவும் இருக்காது.

இதன் போலி எப்படிச் செய்யப்படுகிறது? இரண்டு ஒரு ரூபாய்களை முகத்தோடு முகம் வைத்து, பெஞ்ச் வைஸில் இறுக்கித் திருகுகிறார்கள். ஒன்றின் எழுத்து மற்றதில் குழிவாக, இடவலம் மாறிப் பதியும். விற்கும்போது ‘பாருங்கள், எழுத்து கண்ணாடி பிம்பமாக வந்திருக்கிறது’ என்பார்கள். பிம்பமாக வந்திருப்பது உண்மைதான். வைஸில் நெரித்தாலும் பிம்பமாகத்தான் வரும். ஆகவே அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பதிந்த எழுத்துக்கு அடியில் அந்தப் பக்கத்தின் சொந்த உருவம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘1’ என்ற இலக்கத்தின் மேலேயே ‘இந்தியா’ என்ற ஆங்கில எழுத்துகளின் தடம் குறுக்காக ஓடினால் அது வைஸ் வேலை. மேடான இடங்கள் நசுங்கித் தட்டையாகி, அந்தத் தட்டை மட்டும் மின்னும். காசின் பின்பக்கத்தைத் திருப்பினால் அங்கும் நசுங்கல் இருக்கும், ஏனென்றால் வைஸின் தாடை அங்கே அழுத்தியிருக்கிறது. செம்புத் தகடு வைத்து நெரித்திருந்தால் நசுங்கல் மென்மையாக இருக்கும், ஆனால் இருக்கும். நாணயச் சாலையில் பிறந்த புரோக்கேஜின் சரியான பக்கம் புதுக் காசுபோலக் கூர்மையாக இருக்க வேண்டும்.

இதோடு குழம்பக் கூடியது அச்சு மோதல். வில்லை வராத நேரத்தில் இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவக்கோடு மற்றதில் பதிந்துவிடும். அதன் பிறகு அடிக்கும் காசுகளில் எல்லாம் ஆவிபோல மங்கலாகத் தெரியும். அந்தத் தடம் காசின் வெற்றுத் தளத்தில்தான் இருக்கும். அச்சின் பள்ளங்கள் மோதலில் தப்பிவிடுகின்றன, எனவே சிங்கத்தின் மூக்கின் மேலோ பிடரியின் உச்சியிலோ அது வராது. உச்சியிலும் தடம் இருந்தால் மறுபடியும் வைஸ்தான்.

இரட்டை அடிக்கும் இதே தர்க்கம். அச்சடித்த காசு முழுதாக வெளியேறாமல் மீண்டும் அடிபட்டால் இரண்டாவது முறை விழும் எழுத்தும் புடைப்பாகவே இருக்கும். அதன் கீழே முதல் எழுத்துகள் நசுங்கிக் கிடக்கும். இரண்டாவது எழுத்து குழிவாக இருந்தால் யாரோ வேறொரு காசை மேலே வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள்.

‘ஆஃப் சென்டர்’ எனப்படும் விலகிய அடியில், வில்லை காலருக்குள் சரியாக அமராமல் பாதி வெளியே நிற்கும்போது அச்சு இறங்கிவிடுகிறது. ஒரு பக்கம் உருவம், மறுபக்கம் வெறும் பிறை. எடை முழுதாக இருக்க வேண்டும். இங்கே தராசுதான் நீதிபதி. உருவத்தை ராவி அழித்துப் பிறை செய்தவர்களால் அந்த எடையைத் திருப்பித் தர முடியாது. காலர் இல்லாததால் விளிம்பில் வரி இருக்காது, காசு சற்று முட்டை வடிவமாக இருக்கும். காலரே இல்லாமல் நடுவில் சரியாக அடிபட்டால் காசு முழுதும் பரந்து விரியும். 25 மி.மீ. இருக்க வேண்டிய ரூபாயை வெர்னியரில் வைத்தால் 26 அல்லது அதற்கு மேல் காட்டும். சுத்தியலால் தட்டி விரித்த காசும் அதே அளவைக் காட்டும். ஆனால் அதில் நடுவிலுள்ள உருவமும் சேர்ந்து பெருத்திருக்கும். எழுத்துகள் தடித்து உப்பிப் படர்ந்திருக்கும். உண்மையில் விரிந்த காசில் நடு உருவம் நல்ல காசின் அளவிலேயே இருக்கும், ஓரத்து எழுத்துகள்தான் வெளிப்புறம் நழுவும். எதிர்த்திசையில் இன்னொரு வகை உண்டு: குறுக்களவு சுருங்கி, கரை மட்டும் வீங்கி உருண்டிருக்கும் காசு. மோதிரம் செய்ய விளிம்பைச் சுற்றிக் கரண்டிக் காம்பால் தட்டத் தொடங்கிப் பாதியில் விட்டது அது. ‘தடித்த கரை எரர்’ என்று அதற்கும் விலை சொல்கிறார்கள்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓட்டைக் காலணாவுக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். உலகப் போர்க் காலத்தில் செம்பை மிச்சம்பிடிக்க நடுவில் பெரிய துளையோடு வந்த காசு அது. 1943 முதல் 1947 வரையிலான வருடங்களில் கிடைக்கும். குறுக்களவு 21.3 மி.மீ., எடை சுமார் 2 கிராம். துளை முதலில் போடப்படுகிறது, அச்சு அதன் பிறகுதான் விழுகிறது என்பதை நினைவில் வையுங்கள். துளை போட மறந்துபோன வில்லை அச்சுக்குப் போனால் ஓட்டையில்லாத ஓட்டைக் காலணா பிறக்கும். நடுவில் உலோகம் மிச்சமிருப்பதால் அது சாதாரணக் காசைவிடக் கனமாக இருக்க வேண்டும். நடுப்பகுதியில் எந்த உருவமும் இருக்காது, ஏனென்றால் அச்சிலேயே அங்கு ஒன்றும் இல்லை. ஓட்டையில் செம்புத் துண்டை அடைத்துத் தேய்த்த போலியில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் வட்டமாக ஒரு இணைப்புக் கோடு ஓடும்; இரண்டு செம்பின் நிறமும் ஒன்றாக இருக்காது. துளை ஓரமாக விலகிய காசும் உண்டு. எழுத்தின் மேல் துளை ஏறியிருந்தால் அந்த எழுத்து துளையை நோக்கிச் சரிந்து மழுங்கியிருக்க வேண்டும், அச்சு அமுக்கியபோது உலோகம் துளைப்பக்கம் சாய்ந்ததற்கு அடையாளமாக. டிரில் போட்ட ஓட்டையில் எழுத்து சுத்தமாக அறுபட்டிருக்கும், ஒரு பக்கம் பிசிறு தூக்கிக்கொண்டிருக்கும், உட்சுவரில் வட்ட வட்டக் கோடுகள் தெரியும். இந்தக் காசை வாஷராகப் போட்டு நட்டு முடுக்கியவர்கள் பலர். துளையைச் சுற்றி ஒரே மையத்தில் வளைய வளையமாகக் கீறல் இருந்தால் அது அப்படிப் போல்ட்டில் உழைத்துத் திரும்பிய காசு.

இன்றைய 10 ரூபாயில் நடு வட்டம் இல்லாத வளையத்தையும், வளையம் இல்லாத நடு வட்டத்தையும் எரர் என்று விற்கிறார்கள். அச்சின் அமுக்கில்தான் இரண்டு உலோகங்களும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. நடு வட்டம் இல்லாமலே வளையம் அடிபட்டிருந்தால் உலோகம் உட்புறம் வழிந்து துளை சுருங்கி, அதன் உட்கரை ஒழுங்கற்றுப் போயிருக்கும். பிறகு தட்டிக் கழற்றிய வளையத்தில் துளை கச்சிதமான வட்டமாக இருக்கும், இணைப்பைக் கடந்து போகும் கோடுகள் அந்த எல்லையிலேயே அறுபட்டு நிற்கும். கையில் வரும் இவ்வகைக் காசுகளில் பெரும்பாலானவை தட்டிக் கழற்றியவையே.

எழுத்து இரட்டிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடிதம் நிறைவடையாது. ‘டபுள் டை’ என்று கூவி விற்கப்படுபவற்றில் பெரும்பான்மை, அடிக்கும் நொடியில் தளர்ந்த அச்சு நடுங்கி இழுபட்டதால் வந்த இரட்டிப்பு. அதில் இரண்டாவது எழுத்து படிக்கட்டுபோலத் தட்டையாக, தாழ்வாக இருக்கும். முதல் எழுத்து அந்த அளவுக்கு ஒல்லியாகிவிடும், மொத்த அகலம் மாறாது. அச்சைச் செய்யும்போதே உருவம் இரண்டு முறை விழுந்திருந்தால், இரண்டு எழுத்தும் ஒரே உயரத்தில், உருண்டையாக, மூலைகளில் பிளவோடு நிற்கும். மொத்த அகலம் கூடியிருக்கும். முதல் வகையும் நாணயச் சாலையில் நடந்ததுதான், ஆனால் மதிப்பு அநேகமாக ஒன்றுமில்லை.

எழுத்தோ எண்ணோ காணாமல் போனதில் இன்னும் கவனம் தேவை. அச்சின் பள்ளத்தில் மசகு அடைத்துக்கொண்டால் எழுத்து மங்கி மறையும். அந்த இடத்துத் தளம் சுற்றியுள்ள தளத்தின் அதே மெருகோடு இருக்கும். சுரண்டி எடுத்தால் அங்கே தளம் லேசாகக் குழிந்து, சாய்ந்த வெளிச்சத்தில் கீறல் பின்னல் தெரியும். இது ஏன் முக்கியம் என்றால், வருடத்தின் கீழே இருக்கும் நாணயச் சாலைக்குறிதான் பல சமயம் விலையைத் தீர்மானிக்கிறது. ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், மும்பைக்கு வைர வடிவம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. நொய்டாவின் புள்ளியைச் சுரண்டிவிட்டால் கொல்கத்தா காசு ‘தயார்’.

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரத்தில் அடித்த காசுக்கு. ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் செப்புக்காசையோ நாயக்கர் காலத்துச் சிறு காசையோ இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது. அவை கையால் வைத்துச் சுத்தியலால் அடித்தவை, காலர் கிடையாது. அச்சைவிட வில்லை சிறியதாக இருப்பதும், உருவம் ஒரு பக்கம் விலகி நிற்பதும், ஓரம் வெடித்திருப்பதும் அங்கே இயல்பு. ‘ஆஃப் சென்டர் சோழர் காசு, அரிய எரர்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே சோகோ ஆலையில் இயந்திரத்தில் அடிக்கச் செய்த 1808 ஆம் வருட 10 காசு, 20 காசுகளின் கதை வேறு. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. கடலுக்கடியிலிருந்து பின்னாளில் எடுக்கப்பட்ட அந்தக் காசுகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. உப்பு அரித்த சொரசொரப்பும் குழிகளும் அவற்றில் உண்டு. அது கடல் செய்த வேலை. மண்ணில் புதைந்த காசிலும் இப்படித்தான். அரிப்பு மேடு பள்ளம் பார்க்காது; எழுத்தின் உச்சி, தளம், விளிம்பு எல்லாவற்றையும் ஒன்றுபோலத் தின்றிருக்கும். அமிலத்தில் போட்ட காசும் அதேபோல் மெலிந்து எடை குறைந்திருக்கும். அதை ‘மெல்லிய வில்லை எரர்’ என்பார்கள். மெல்லிய வில்லையில் அடித்த உண்மையான காசில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும், அமிலம் அந்தக் கூர்மையைத்தான் முதலில் அழிக்கிறது.

வெள்ளி ரூபாய்களில் பார்க்க வேண்டியது விளிம்பு. காசு மாலையிலோ பதக்கத்திலோ கோத்த ரூபாய்களில் ராணியின் தலைக்கு மேலே, விளிம்பில், வளையம் பற்றவைத்த இடம் இருக்கும். வளையத்தை எடுத்துவிட்டு ராவியிருந்தாலும் அங்கே மட்டும் வரிகள் அறுந்து, பற்றின் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். அதை ‘விளிம்பு வரி விடுபட்ட எரர்’ என்பது பழைய தந்திரம். ஷராஃபுகள், அதாவது அந்தக் காலத்துக் காசு மாற்றும் வணிகர்கள், வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சிறு முத்திரைகளும் எரர் அல்ல. ஆனாலும் அவை கைமாறிய சரித்திரத்தின் சாட்சி, அழிக்காதீர்கள்.

தயவுசெய்து காசைக் கழுவாதீர்கள். புளி போட்டு விளக்கினால் செம்பு பளிச்சென்று இளஞ்சிவப்பாகும், ஆனால் நூறு வருடப் படிவோடு சேர்ந்து அத்தனை தடயமும் போய்விடும். பிறகு அது எரரா சேதமா என்று யாராலும் சொல்ல முடியாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல், ஒற்றி எடுங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். பிவிசி உறையில் நெடுநாள் வைத்தால் பச்சையாக ஒரு பிசுபிசுப்புப் படியும்.

சட்டம் பற்றியும் இரண்டு வரி. நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011 நாணயச் சட்டம் தடை செய்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் தொல்பொருள். வெளிநாட்டு வாங்குபவர் கிடைத்தார் என்று தபாலில் அனுப்பக் கூடாது. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசை வாங்கித் தருகிறோம், அதற்குக் கட்டணமும் வரியும் முன்கூட்டியே கட்டுங்கள் என்று கேட்பவர்களை நம்ப வேண்டாம் என 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. விற்பவர் வாங்குபவரிடம் பணம் கட்டும் வியாபாரம் எங்கும் கிடையாது.

கடைசியாக ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ‘அரிய பிழை நாணயம் கண்டெடுப்பு’ என்று யாராவது படத்தோடு வந்தால், வெளியிடும் முன் நான்கு விவரங்கள் கேளுங்கள்: இரு பக்கப் படமும் விளிம்புப் படமும், கிராமில் எடை, மி.மீ.யில் குறுக்களவு, அதே வகை நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். இவற்றைத் தரத் தயங்குபவரின் செய்தியை நிறுத்திவையுங்கள். தருபவரின் படத்தை வெளியிடும்போது அந்த எடையையும் அளவையும் படத்தின் கீழே அச்சிடுங்கள். மீதியை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்,
திருச்சி.